"இவனுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி டாக்டர்": இது எப்போ நிஜம்? (நீளமான திரெட்)

1/
"சார், இவனுக்கு எதிர்ப்பு சக்தி ரொம்ப கம்மி. நல்ல டானிக்கா ஒண்ணு எழுதிக் குடுங்க."

என் ஓபியில தினமும் கேட்கிற வாக்கியம் இது. பெரும்பாலும் உண்மை இல்லை. ஆனா ரொம்பச் சில குழந்தைகளுக்கு இது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தச் சிலரை நாம கோட்டை விட்டுட்டு இருக்கோம். "நாம"ன்னா முதல்ல டாக்டர்கள். அதுலயும் முதல்ல நான். எப்படின்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
ஆவடி பக்கம் கிளினிக் வெச்சிருக்கேன். வர்றவங்க பெரும்பாலும் அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிப்ட் போறவங்க, டேங்க் ஃபேக்டரி ஊழியர்கள், பட்டாபிராம், திருநின்றவூர்ல புதுசா வீடு கட்டி குடிவந்தவங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு குழந்தைக்கு நாலு நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம். இதை சாக்காச் சொல்லல. பின்னாடி தேவைப்படும், அதான் சொல்லி வைக்கிறேன்.

3/
சில வருஷம் முன்னாடி, மார்கழி மாசம். நாலு வயசுப் பையன். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன். குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.) காய்ச்சல், மூச்சு வாங்குது. எக்ஸ்ரேல வலது பக்கம் கீழே வெள்ளையா நிமோனியா.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்காம்மா?"
"இது நாலாவது தடவை சார்."

நாலாவது. நான் பேனாவைக் கீழ வெச்சேன்.

4/
முதல் தடவை அம்பத்தூர்ல ஒரு நர்சிங் ஹோம். ரெண்டாவது பூந்தமல்லியில, அப்போ அங்க வாடகைக்கு இருந்தாங்க. மூணாவது பொங்கலுக்கு செய்யாறு பக்கம் ஊருக்குப் போனப்போ அங்க. ஒவ்வொரு இடத்துலயும் ஊசி போட்டு, சரியாக்கி, வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அவங்க பார்த்தது ஒரே ஒரு நிமோனியா. ஒரு நிமோனியா எந்தக் குழந்தைக்கும் வரும்.

நாலையும் சேர்த்துப் பார்த்தவங்க உலகத்துலயே ஒரே ஒரு ஆள்தான். அந்த அம்மா.

5/
இப்போ என் பங்கு. பழைய நோட்டைப் புரட்டினேன். அந்த ஒன்றரை வருஷத்துல இதே பையன் ரெண்டு தடவை காதுல சீழ் வடியுதுன்னு என்கிட்டயே வந்திருக்கான். ரெண்டு தடவையும் ஆன்டிபயாடிக் சிரப், காய்ச்சல் மருந்து, "அஞ்சு நாள் கழிச்சு வாங்க". என் கையெழுத்துதான். "இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேர்த்தீங்களா?"ங்கிற ஒரு கேள்வியை ரெண்டு தடவையும் நான் கேட்கல.

6/
அன்னைக்குத்தான் டார்ச் அடிச்சு தொண்டையை ஒழுங்கா பார்த்தேன். வழக்கமா இந்த வயசுல, அதுவும் அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு, டான்சில் ரெண்டும் நெல்லிக்காய் மாதிரி உருண்டு நிக்கும். இவனுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. ஆபரேஷன் பண்ணி எடுக்கவும் இல்ல. கழுத்துலயும் நெறி கட்டல. இவ்வளவு நோய் வந்த உடம்புல இது இருக்கவே கூடாத சுத்தம்.

7/
அப்போ கூட வந்திருந்த ஆயா (அம்மாவோட அம்மா) மெதுவா சொன்னாங்க:

"இவளுக்கு மேல எனக்கு ஒரு பையன் இருந்தான் சார். மூணு வயசு. இப்படித்தான், மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சு சளி. ஒரு நாள் ராத்திரி போய்ட்டான். செய்வினைன்னு சொன்னாங்க."

முப்பது வருஷமா யாருமே அவங்ககிட்ட அதைக் கேட்கல.

8/
ரத்தத்துல இம்யூனோகுளோபுலின் அளவு பார்த்தோம். நோயை எதிர்க்கும் புரதம், ஆன்டிபாடி. இந்த வயசுக்கு ஐஜிஜி குறைஞ்சது 500 மில்லிகிராம் அளவுல இருக்கணும். இவனுக்கு 100-க்கும் கீழ. அதைத் தயாரிக்க வேண்டிய பி செல்கள் ரத்தத்துல அறவே இல்லை. அப்புறம் மரபணுப் பரிசோதனை உறுதி பண்ணுச்சு: எக்ஸ்எல்ஏ. ஆன்டிபாடி தயாரிக்கவே முடியாத ஒரு பரம்பரைக் குறைபாடு.

9/
"ஆறு மாசம் வரைக்கும் கொழுக்கு மொழுக்குன்னு இருந்தான் சார். சோறு ஊட்ட ஆரம்பிச்சதுல இருந்துதான்..." அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அழுதாங்க. தான் ஏதோ தப்பா ஊட்டிட்டோம்னு நாலு வருஷமா நம்பியிருக்காங்க. மாமியார் வீட்டுல கண்ணு பட்டுடுச்சுன்னு வேற சுத்திப் போட்டிருக்காங்க.

அவங்க கவனிச்சது துல்லியமான அறிவியல். காரணம் மட்டும்தான் வேற.

10/
கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல அம்மாவோட ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியா குழந்தைக்குப் போகுது. பிறந்து சுமார் ஆறு மாசம் வரைக்கும் அந்தச் சீதனம்தான் காப்பாத்தும். அதுக்குள்ள குழந்தை சொந்தமா தயாரிக்க ஆரம்பிக்கணும். எக்ஸ்எல்ஏ குழந்தைக்கு சொந்த சம்பாத்தியமே இல்ல. அம்மா கொடுத்தது தீர்ந்ததும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் மாதிரி பாக்டீரியா எல்லாம் வரிசையா உள்ள வரும். காது, சைனஸ், நுரையீரல், சில நேரம் ரத்தம், மூளை உறை.

11/
இதை முதன்முதலா கண்டுபிடிச்சது 1952-ல், அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன். வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை. எட்டு வயசுப் பையன், திரும்பத் திரும்ப நிமோகாக்கஸ் ரத்தத்துல கலக்குது. அவனோட ரத்தப் புரதத்தைப் பிரிச்சுப் பார்த்தா, காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் காலி. மத்தவங்க ரத்தத்துல இருந்து பிரிச்ச காமா குளோபுலினை மாசாமாசம் ஊசியாப் போட்டாரு. பையனுக்கு இன்ஃபெக்‌ஷன் நின்னுச்சு.

அதுக்குக் காரணமான மரபணு 1993-ல்தான் தெரிஞ்சது. வைத்தியம் 41 வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தது. புரூட்டன் செஞ்ச முதல் வேலை, ஒரே பையனுக்கு வந்த காய்ச்சல்களை எண்ணினது.

12/
இப்போ எல்லாரும் பயந்துடாதீங்க. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி காய்ச்சல் வரும். ப்ரீகேஜி சேர்த்த முதல் வருஷம் இன்னும் கூடுதலா வரும். அது எதிர்ப்பு சக்தி படிக்கிற பாடம். சளி வந்து, தானா சரியாகி, நடுவுல நல்லா விளையாடி, எடையும் ஏறுதுன்னா உங்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. டானிக் வேண்டாம். பாக்கெட்ல விக்கிற "இம்யூனிட்டி பவுடர்" வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்குங்க.

13/
எப்போ சந்தேகப்படணும்? உலக அளவுல டாக்டர்கள் பயன்படுத்துற பத்து அறிகுறிப் பட்டியல் ஒண்ணு இருக்கு. ஜெஃப்ரி மோடெல்னு ஒரு பையன் இதே மாதிரி குறைபாட்டால 15 வயசுல இறந்தான். அவன் அப்பா அம்மா 1987-ல் தொடங்கின அறக்கட்டளை அதைப் பரப்பினது. என் வார்த்தையில:

• வருஷத்துக்கு நாலு அல்லது அதுக்கு மேல காது இன்ஃபெக்‌ஷன்
• வருஷத்துக்கு ரெண்டு தடவை கடுமையான சைனஸ் இன்ஃபெக்‌ஷன்
• வருஷத்துக்கு ரெண்டு நிமோனியா
• ரெண்டு மாசம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலன் இல்ல

14/
• எடை ஏறல, வளர்ச்சி இல்ல
• தோலுக்கு அடியில அல்லது ஈரல் மாதிரி உள்ளுறுப்புல திரும்பத் திரும்ப சீழ்க்கட்டி
• ஒரு வயசுக்கு மேலயும் வாயில வெள்ளைப் பூஞ்சை போகாம இருக்கறது
• ஒவ்வொரு தடவையும் டிரிப் வழியா ஆன்டிபயாடிக் போட்டாத்தான் சரியாகுது
• ரத்தத்துல கிருமி, மூளைக்காய்ச்சல், எலும்பு இன்ஃபெக்‌ஷன் மாதிரி பெரிய நோய் ரெண்டு தடவை
• குடும்பத்துல இதே நோய், அல்லது சின்ன வயசுல இன்ஃபெக்‌ஷன்ல இறந்த குழந்தை

கடைசிப் பாயின்ட்டை ரெண்டு தடவை படிங்க. என் அனுபவத்துல இதைத்தான் யாரும் கேட்கிறதில்ல, யாரும் சொல்றதும் இல்ல.

15/
எக்ஸ்எல்ஏ ஒரு வகைதான். இந்த மாதிரி பரம்பரைக் குறைபாடுகள் இன்னைக்கு 500-க்கும் மேல தெரியும். எந்த பாக்டீரியா, எந்த இடத்துல வருதுங்கிறதே எந்தப் படை இல்லைன்னு காட்டிக் கொடுக்கும். மூணு உதாரணம் சொல்றேன்.

16/
ஒண்ணு, சிஜிடி. வெள்ளையணு பாக்டீரியாவை விழுங்கும், ஆனா கொல்லத் தெரியாது. நாம தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடுற மாதிரி, வெள்ளையணுவும் தனக்குள்ள பிளீச் மாதிரி ரசாயனம் தயாரிச்சுத்தான் கிருமியைக் கொல்லுது. சிஜிடி குழந்தைக்கு அந்தத் தயாரிப்பு இல்ல. ஈரல்ல ஸ்டஃபைலோகாக்கஸ் சீழ்க்கட்டி, கழுத்துல நெறிகட்டி உடையறது, நுரையீரல்ல பூஞ்சை. நம்ம ஊர்ல இதுல பல பேர் "டிபி"ன்னு மாசக்கணக்கா மாத்திரை சாப்பிட்டிருப்பாங்க. டிபி மருந்துக்குக் கேட்காத "டிபி"யைப் பார்த்தா இந்த டெஸ்ட்டை நினைச்சுக்கணும்.

17/
ரெண்டு, எல்ஏடி. வெள்ளையணுவுக்கு ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடிச்சு வெளிய வரத் தெரியாது. ரத்தத்துல எண்ணிக்கை ஏகப்பட்டது இருக்கும், புண்ணு இருக்கிற இடத்துக்கு ஒண்ணும் போகாது. அதனால சீழே வைக்காது. முதல் தடயம் தொப்புள்கொடி. வழக்கமா ஒண்ணு ரெண்டு வாரத்துல விழுந்துடும். ஒரு மாசம் ஆகியும் விழல, தொப்புளைச் சுத்தி சிவந்திருக்குன்னா விபூதி வைக்காதீங்க, குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.

18/
மூணாவது நம்ம மாவட்டத்துக்கு நெருக்கமானது. பிசிஜி.

1968-ல் உலகத்தின் மிகப்பெரிய பிசிஜி ஆய்வு நடந்தது நம்ம திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள்ல. அப்போ அது செங்கல்பட்டு மாவட்டம். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை 15 வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கலன்னு உலகத்துக்குச் சொன்னது அந்த ஆய்வு. குழந்தைகளுக்கு வர்ற டிபி மூளைக்காய்ச்சலை அது தடுக்கும்னு மத்த ஆய்வுகள் காட்டியிருக்கு. அதனாலதான் இன்னைக்கும் பிறந்த உடனே போடுறோம். போடணும்.

19/
பிசிஜி பலவீனப்படுத்தின, ஆனா உயிருள்ள பாக்டீரியா. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு கையில ஒரு சின்னத் தழும்போட முடிஞ்சிடும். ரொம்ப அபூர்வமா சில குழந்தைகளுக்கு அது அக்குள்ல நெறிகட்டி, அங்க நிக்காம எலும்பு, ஈரல்னு உடம்பு முழுக்கப் பரவும். தடுப்பூசி கெட்டுப்போனதால இல்ல. அந்தக் குழந்தையோட வெள்ளையணுக்கள் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற காமா இன்டர்ஃபெரான் பாதை அறுந்திருக்கு, அல்லது டி செல்லே இல்ல. இந்தப் பாதையில முதல் மரபணுக் கோளாறு 1996-ல் தெரியவந்தது. இப்படிப்பட்ட சில குழந்தைகளுக்கு சால்மொனெல்லா இன்ஃபெக்‌ஷனும் திரும்பத் திரும்ப வரும்.

20/
கவனமா கேளுங்க. இதைப் படிச்சுட்டு யாரும் தடுப்பூசியைத் தவிர்க்காதீங்க. அக்குள்ல சின்ன நெறி வந்தாலும் பெரும்பாலும் தானா போயிடும். நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. முன்னாடி ஒரு குழந்தை கைக்குழந்தையா இருக்கும்போதே இன்ஃபெக்‌ஷன்ல இறந்திருந்தா, அடுத்த குழந்தைக்கு பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ரோட்டா மாதிரி உயிருள்ள தடுப்பூசி போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. அவ்வளவுதான். மத்த எல்லாக் குழந்தைக்கும் அட்டவணைப்படி எல்லாம் போடுங்க. தமிழ்நாட்டுல 2011-ல் வந்த பென்டாவேலன்ட்டும், 2021-ல் வந்த நிமோகாக்கல் ஊசியும் எத்தனையோ நிமோனியாவைத் தடுக்குது. நாலு பேருக்கு போட்டா அஞ்சாவதா நிக்கிற இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் அது கவசம்.

21/
எல்லாத்தையும் விட அவசரமானது ஸ்கிட். டி செல்லும் இல்ல, ஆன்டிபாடியும் இல்ல. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளயே 12 வயசு வரை வாழ்ந்து 1984-ல் இறந்த ஹூஸ்டன் பையன் டேவிட்டுக்கு இருந்தது இதுதான். இன்னைக்கு அமெரிக்காவுல பிறந்த குழந்தையோட குதிகால்ல எடுக்கிற ஒரு சொட்டு ரத்தத்துல கண்டுபிடிச்சிடுறாங்க. விஸ்கான்சின் மாநிலம் 2008-ல் ஆரம்பிச்சது, 2018-க்குள்ள எல்லா மாநிலமும் வந்தாச்சு. மூன்றரை மாசத்துக்குள்ள எலும்பு மஜ்ஜை மாற்றினா பத்துல ஒன்பது குழந்தைக்கு மேல பிழைக்குது. நம்ம ஊர்ல அந்த மாதிரி எல்லாக் குழந்தைக்கும் பார்க்கிற பரிசோதனை இல்ல.

22/
அதுக்காகக் கையைக் கட்டிட்டு நிக்க வேண்டியதில்ல. சாதாரண சிபிசி, இருநூறு முந்நூறு ரூபாய் டெஸ்ட், ஒரு தடயம் கொடுக்கும். மொத்த வெள்ளையணு 6,000, அதுல லிம்போசைட் 20 சதவீதம்னா கணக்கு 1,200. பெரியவங்களுக்கு இது நார்மல். மூணு மாசக் குழந்தைக்கு இது அபாய மணி. 3,000-க்கு கீழ இருந்தாலே திரும்ப எடுத்துப் பார்க்கணும். ஆனா நிறைய லேப்ல ரிப்போர்ட் ஓரத்துல அச்சடிச்சிருக்கிறது பெரியவங்களுக்கான நார்மல். அதனால சிவப்புல காட்டாது. நாமளும் பெருக்கிப் பார்க்காம புரட்டிடுவோம்.

சக டாக்டர்களே, அந்த ஒரு பெருக்கலைப் போடுங்க. பத்து செகண்ட்.

23/
இப்போ வீட்டுக்குள்ள நடக்கிற விஷயம். ரிப்போர்ட் வந்த அன்னைக்கே அந்த வீட்டுல ஆரம்பிச்ச பேச்சு: "பொண்ணு வீட்டு ரத்தம்."

எக்ஸ்எல்ஏ மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ், ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஆணுக்கு ஒண்ணுதான். அதனால அம்மா சுமப்பாங்க, மகனுக்கு வரும், ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில நேரம் குடும்பத்துல யாருக்குமே இல்லாம புதுசாவும் வரும். இதுல அம்மா செஞ்ச தப்பு எது? அப்பா நிறம் மகனுக்கு வந்தா அப்பாவைத் திட்டுவோமா?

24/
சிஜிடியில ஒரு பகுதி, எல்ஏடி, பிசிஜி பரவுற வகைகள்ல பல, ஸ்கிட்ல பல வேற மாதிரி. அப்பா அம்மா ரெண்டு பேரும் சுமந்தாத்தான் வரும். சொந்தத்துல கட்டினா ரெண்டு பேரும் ஒரே கோளாறைச் சுமக்கிற வாய்ப்பு கூடுது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல நாலுல ஒரு கல்யாணத்துக்கு மேல சொந்தத்துலதான். இந்தியாவுல இதுல நாம முன்வரிசை.

மாமன் மகளைக் கட்டினவங்க குழந்தைக்கெல்லாம் நோய் வரும்னு நான் சொல்லல. பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க. ஆனா ஒரு குழந்தை இப்படிப் போன வீட்டுல, அடுத்து அக்கா மகளுக்குப் பேச்சு எடுக்கும்போதாவது மரபணு ஆலோசனைக்குப் போங்க. ஜாதகப் பொருத்தம் பார்க்கிற நேரத்துல பாதி போதும்.

25/
"டாக்டர், இதெல்லாம் அபூர்வ நோய். இதுக்காக சளி பிடிச்ச எல்லாருக்கும் டெஸ்ட் எழுதச் சொல்றீங்களா?" நியாயமான கேள்வி. இல்ல. "இம்யூனிட்டி ப்ரொஃபைல்"னு பேக்கேஜ் போட்டு விக்கிறதுக்கு நான் எதிரி. மேலே சொன்ன அறிகுறி இருந்தா மட்டும் முதல்ல சிபிசி, அப்புறம் ஓரிரு ஆயிரம் ரூபாய்ல இம்யூனோகுளோபுலின். மத்தது எல்லாம் சிறப்பு மருத்துவர் முடிவு பண்ணட்டும்.

26/
ஆனா "அபூர்வம்"ங்கிற வார்த்தையில எனக்கு ஒரு சண்டை இருக்கு. ஆயாவோட பையன் எந்தக் கணக்குல இருக்கான்? அவன் செய்வினைக் கணக்கு. இன்னொரு குழந்தை "நிமோனியா" கணக்கு, இன்னொண்ணு "டிபி" கணக்கு. எண்ணாத நோய் அபூர்வமாத்தான் தெரியும்.

நம்ம அம்பத்தூர் அயப்பாக்கத்துல தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கு. நோயை எண்ணுறது எப்படின்னு நாடு முழுக்க டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற இடம். பக்கத்துத் திருவள்ளூர்ல இரண்டரை லட்சம் பேரை 15 வருஷம் எண்ணின நாடு இது. ஒரு குழந்தையோட நாலு நிமோனியாவை ஒரே தாள்ல எழுத முடியாதா?

27/
அதுக்கு நான் கேட்கிறது மூணு.

ஒண்ணு: தாய் சேய் நல அட்டையில, தடுப்பூசிப் பக்கத்துக்குப் பின்னாடி ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில சேர்த்த தேதி, நோய், எக்ஸ்ரே முடிவு. எந்த ஊர் டாக்டரா இருந்தாலும் ஒரு வரி எழுதணும். கூடவே ஒரு கேள்வி: "அம்மா, அப்பா குடும்பத்துல சின்ன வயசுல இறந்த குழந்தை உண்டா?" இதுக்கு பட்ஜெட் வேண்டாம், பேனா போதும்.

28/
ரெண்டு: மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்ல இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கிற வசதி. அதுக்கு மேல எழும்பூர் போகட்டும். முதல் சந்தேகத்துக்கே எல்லாரும் எழும்பூருக்கு ரயில் ஏறணும்னா ஒரு நாள் கூலி போகும்னு பாதிப் பேர் போக மாட்டாங்க.

மூணு: இந்தக் குழந்தைகளுக்கு மாசாமாசம் தேவையான ஐவிஐஜி மருந்து தட்டுப்பாடு இல்லாம அரசு மருத்துவமனையில கிடைக்கணும். ஒரு மாசம் இருக்கு, அடுத்த மாசம் ஸ்டாக் இல்லன்னா அது வைத்தியமே இல்ல.

29/
ஐவிஐஜி எங்கிருந்து வருது தெரியுமா? ஆயிரக்கணக்கான பேர் தானமா கொடுத்த ரத்தத்துல இருந்து பிரிச்ச பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் தயாரிக்கிறாங்க. ஃபேக்டரியில, காலேஜ்ல ரத்த தான முகாம்ல நீங்க கொடுக்கிற ஒரு யூனிட்ல, உங்க உடம்பு இத்தனை வருஷமா சந்திச்ச கிருமிகளோட ஞாபகமும் இருக்கு. அதுதான் இவனுக்கு எதிர்ப்பு சக்தி. இந்தத் திரெட்ல நான் சிபாரிசு பண்ற ஒரே "இம்யூனிட்டி பூஸ்டர்" இது ஒண்ணுதான்.

30/
செலவுக்கு வழி இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கோங்க. மத்திய அரசோட 2021 அரிய நோய்கள் கொள்கையில ஸ்கிட், சிஜிடி மாதிரி மஜ்ஜை மாற்றினா குணமாகுற நோய்களும், ஐவிஐஜி தேவைப்படுற எக்ஸ்எல்ஏவும் இருக்கு. அங்கீகரிச்ச மையங்கள் மூலமா 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அந்த மையங்கள்ல ஒண்ணு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அதையும் கேளுங்க. மஜ்ஜை மாற்று சிகிச்சை சென்னையிலயும் வேலூர்லயும் நடக்குது. "வெளிநாடு போகணும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

31/
பெற்றோர்களுக்கு, இன்னைக்கே செய்ய வேண்டியது: ஒரு ஃபைல். பத்து ரூபாய் பிளாஸ்டிக் ஃபைல். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியா. வீடு மாறினாலும், ஊருக்குப் போனாலும் கூட எடுத்துட்டுப் போங்க. டாக்டர் கேட்கலைன்னாலும் மேசை மேல வைங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீங்க. அரைகுறை மருந்து நோயைக் குணமாக்காம அடையாளத்தை மட்டும் அழிச்சிடும்.

"இது எத்தனாவது தடவை"ங்கிற கணக்கு உங்ககிட்டதான் இருக்கு. அதைச் சொல்லக் கூச்சப்படாதீங்க.

32/
அந்தப் பையன் இப்போ எப்படி இருக்கான்? நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் அரை நாள் டிரிப் ஏத்திக்கிறான். ஸ்கூல் போறான். சளி பிடிக்குது, போயிடுது. மத்த பசங்க மாதிரி.

ஆனா ஸ்கேன்ல வலது நுரையீரலோட கீழ்ப்பகுதியில மூச்சுக்குழாய் விரிஞ்சு கெட்டுப்போயிருக்கு. அது திரும்ப வராது. தினமும் ரெண்டு வேளை அவங்க அம்மா முதுகைத் தட்டி சளியை வெளிய எடுக்கிறாங்க. அந்தச் சேதத்துல என் ரெண்டு சீட்டுக்கும் பங்கு இருக்கு.

33/
அந்த அம்மாவோட தங்கச்சிக்கு அப்புறம் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை ஆயாவே கூட்டிட்டு வந்துட்டாங்க, பிறந்த மூணாவது வாரம். அந்த வயசுல ஐஜிஜி பார்த்துப் பிரயோஜனம் இல்ல, இருக்கிறது அம்மாவோடது. பி செல் எண்ணிக்கை பார்த்தோம். இவனுக்கும் இல்ல.

ஆயா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: "அந்த ஊசி இவனுக்கும் போட்டா சரியாப் போகும்ல சார்?"

34/
மூணு மாசத்துல ஆரம்பிச்சோம். இன்னைக்கு வரைக்கும் அவனுக்கு ஒரு நிமோனியா கூட வரல. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. வித்தியாசம் ஒரே ஒரு கேள்வி, அது கேட்கப்பட்ட தேதி.

உங்க வீட்டுலயோ, தெருவுலயோ "இவனுக்கு இது நாலாவது தடவை"ன்னு யாராவது சொன்னா இந்தத் திரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. சக மருத்துவர்களே, நாளைக்கு ஓபியில கடைசி பேஷன்ட் வரைக்கும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. நானும் கேட்கிறேன்.